ஒரே விலாசத்தில் நாற்பத்தொரு பேர்

“ஒரு மனுஷரைக் கூப்பிடுங்க” என்றாள் முப்பிடாதி.

இணையத்தின் வாசலில் நின்று கேட்கவே கூடாத ஒன்று உண்டென்றால் அது இதுதான். கம்ப்யூட்டர் வகுப்பில் முதல் நாளே சொல்லியிருந்தார்கள். அங்கே போனால் படம் கேள், பாட்டுக் கேள், மதிப்பெண் பட்டியல் கேள். ஆளைக் கூப்பிடு என்று மட்டும் வாய் திறக்காதே.

வாசலில் உட்கார்ந்திருந்தவர் முன்னால் இருந்த பேரேட்டை மூடினார்.

“அதை மட்டும் கேக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலையா?”

“சொன்னாங்க.”

“அப்புறம்?”

“கேக்கேன்.”

இணையம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. மூன்று மாடி. மேகத்தில் இருக்கிறது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. மேகமெல்லாம் இல்லை, சிமெண்டுதான். உள்ளே ஆயிரம் மிஷின் ஓடுவதால் சுவரைத் தொட்டால் சுடும்.

அவள் வந்த காரியம் சிக்கலானதில்லை. அன்று காலையில் அவளுடைய அம்மா குருவம்மாள் முப்பிடாதியாக எழுந்திருந்தாள். அதே சடை. இடது கன்னத்தில் அதே மச்சம். நெற்றியில் அதே சுளிப்பு. எழுந்தவள் நேராக வந்து மகள் கையிலிருந்த சீப்பைப் பிடுங்கினாள்.

“ஏட்டி, யாரு நீ? என் சீப்பு எதுக்கு உன் கையில?”

தெருவுக்கு ஓடி வந்து பார்த்தால் அங்கேயும் அதே கதை. எதிர்வீட்டுப் பரமசிவம் மாமா இரட்டைச் சடையோடு பல் விளக்கிக்கொண்டிருந்தார். மீசை மட்டும் இன்னும் போகவில்லை. யாரோ “முப்பிடாதீ” என்று கூப்பிட்டார்கள். நாற்பத்தொரு தலை திரும்பியது.

போனில் ஒரு சேதி வந்திருந்தது. ‘எங்கள் விதிகளைப் புதுப்பித்திருக்கிறோம். இன்று மாலை ஐந்து மணி முதல் ஒரு விலாசத்துக்கு ஒரே ஆள்.’ கீழே ஒரு பூப் படம்.

யார் செய்த வேலை என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. கீழப் புதுத்தெருவில் டிகிரி முடித்த முதல் ஆள் அவள். ரேஷன் கார்டு, கேஸ் இணைப்பு, பிள்ளைகளின் பரீட்சை விண்ணப்பம், எல்லாவற்றுக்கும் தெரு அவள் வாசலில் வந்து நின்றது. மின்னஞ்சல் விலாசம் கேட்கிற கட்டம் வந்தால் தன்னுடையதையே போட்டாள். ஆளுக்கொன்று உண்டாக்க இருபது நிமிஷம் ஆகும். அதற்குள் டவர் போய்விடும். நாற்பது பேருக்கும் அவள் விலாசம். நாற்பது பேருக்கும் ஒரே கடவுச்சொல். ‘படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்’ என்ற கட்டத்தில் நாற்பது டிக்.

சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொண்டுவிடுவாள். ஒப்புக்கொள்ளாத ஒன்று அதற்கும் கீழே கிடந்தது. தெருவில் தனக்கு மட்டும் தெரிந்திருப்பது அவளுக்கு ருசியாக இருந்தது. “என்னட்டி அதுல போடுத?” என்று அம்மா எட்டிப் பார்த்தால், “உனக்கு இதெல்லாம் புரியாது, பேசாம இரி” என்பாள். அம்மா பேசாமல் இருந்துகொள்வாள்.

ஐந்து மணிக்குள் அம்மாவை அம்மாவாகத் திரும்ப வாங்கிவிட வேண்டும். அதற்காகத்தான் அவளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். குருவம்மாளுக்கு மறுப்பில்லை. புத்தி பேதலித்த யாரோ ஒரு பிள்ளையைத் தான்தான் ஆபீசுக்குக் கூட்டி வந்திருப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வாசல்காரர் பேரேட்டை மறுபடி திறந்தார்.

“பேர் உள்ளே செல்லாது. எண்தான் செல்லும். பேரைச் சொன்னா நான் எண்ணை எழுதித் தருவேன். என் வேலை அவ்வளவுதான். என்ன பேர் சொன்னீங்க?”

“மனுஷர்.”

அவர் வெகுநேரம் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் இருந்தது. ஒரு சீட்டில் நீளமான எண்ணை எழுதிக் கிழித்துக் கொடுத்தார். “இதுவரைக்கும் யாரும் வாங்கினதில்லை” என்றார்.

முப்பிடாதி வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு வந்த மனுவை நீட்டினாள். அவர் அதை எட்டுத் துண்டாகக் கிழித்தார். ஒவ்வொரு துண்டிலும் வரிசை எண் போட்டார். எட்டுப் பேர் வந்து ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு எட்டு நடைவழியில் போனார்கள்.

“எதுக்கு ஐயா கிழிச்சீங்க?”

“முழுசா எதுவும் இந்த வழியில போகாது. அங்க போனதும் ஒட்டிக்குவாங்க.”

“ஒரு துண்டு தொலைஞ்சு போச்சுன்னா?”

“அந்தத் துண்டை மட்டும் இன்னொரு தடவை கேப்பாங்க. போன வருஷம் உங்க தெருவுக்கு வந்த பொங்கல் வாழ்த்து பூரா இப்படித்தான் வந்துச்சு. அப்போ யாரும் கேக்கலையே?”

கேட்கவில்லைதான்.

முதல் கதவில் ஒரு பெண் அவர்கள் இருவர் முதுகிலும் சாக்கட்டியால் கோடு போட்டாள். “அடுத்த கதவுல உங்களை அடையாளம் தெரியணும்ல” என்றாள். சுவரில் ஒரு குக்கர் படம் இருந்தது. குருவம்மாள் அதை ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். அடுத்த கதவைத் தாண்டியதும் நடை முழுக்கக் குக்கர். மூன்று லிட்டர், ஐந்து லிட்டர், மூடி மட்டும். முதுகைப் பார்த்துத்தான் மாட்டுகிறார்கள்.

“ஒண்ணையே ஏன் இத்தனை மாட்டி வச்சிருக்கான்?” என்று முப்பிடாதி சொல்லிப் பார்த்தாள், அம்மா அம்மாவாகப் பதில் சொல்கிறாளா என்று.

“உனக்கு இதெல்லாம் புரியாது. பேசாம வா” என்றாள் குருவம்மாள்.

மகளின் வாயாலேயே சொன்னாள். அந்தச் சுளிப்போடு சொன்னாள். முப்பிடாதி பேசாமல் நடந்தாள்.

நடை நீண்டது. நடந்துகொண்டிருக்கும்போதே அதைப் புதுப்பித்தார்கள். மூலைகளை வளைத்தார்கள். இடது பக்கம் இருந்த படிக்கட்டு வலது பக்கம் போனது. ‘உதவி’ என்று எழுதியிருந்த கதவு சுவராகிவிட்டது.

“இப்பதானே இங்க இருந்துச்சு?” என்று ஏணியில் நின்றவரைக் கேட்டாள்.

“மாத்திட்டோம்.”

“யாரைக் கேட்டு?”

“உங்களைத்தான். நாப்பது தடவை சரின்னு சொன்னீங்க.”

பாதி வழியில் ஒரு அலமாரிக்காரர் மறித்தார். மனுவின் எட்டுத் துண்டும் அவருக்கு முன்னால் ஒட்டிக் கிடந்தது. “உள்ளே அவ்வளவு தூரம் எதுக்கு நடக்கிறீங்க? இதே கேள்விக்குப் பதில் என்கிட்டயே இருக்கு” என்று ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். ‘குருவம்மாள், வயது 52, நலம். முறுக்குக்கு மாவு சலிக்கிறாள்.’

முப்பிடாதி அதை இரண்டு தடவை படித்தாள். “இது எப்ப எழுதினது?”

“நேத்து.”

“இன்னைக்கு?”

“இன்னைக்கு நான் உள்ளே போய்க் கேக்கல. நேத்து சரியாத்தான் இருந்துச்சு. நிறையப் பேர் இதை வாங்கிட்டுத் திரும்பிடுவாங்க. நடக்கிறது மிச்சம்.”

அவள் அந்தக் காகிதத்தைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். திருப்பிக் கொடுக்கத்தான் நேரம் பிடித்தது.

சீட்டில் இருந்த எண் ஒரு அறைக்கு வந்து முடிந்தது. ஒரு மேஜை. ஒரு நாற்காலி. மேலே ஒரு விசிறி. மேஜையில் பலகை: ‘பொறுப்பு: முப்பிடாதி, பி.எஸ்ஸி.’ பக்கத்தில் ஒரு குமாஸ்தா கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

“மனுஷரைக் கேட்டீங்களாமே. இவங்கதான்.”

“இது நானு.”

“ஆமா.”

“நான் உங்கள்ல ஒருத்தரைக் கேட்டேன்.”

“எங்கள்ல யாரும் எதையும் ஒப்புக்கிட்டதில்லைங்க. ‘படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்’ன்னு போட்டவங்க நீங்க. அப்போ பொறுப்பான மனுஷர் யாரு? உக்காருங்க.”

உட்கார்ந்தாள். இரண்டு வருஷமாக ஊர் ஊராகப் போய் வேலைக்குப் பரீட்சை எழுதியவள். இப்படி ஒரு நாற்காலி இதுவரை கிடைத்ததில்லை. முதுகுக்குப் பாந்தமாக இருந்தது. விசிறிக் காற்று நேராக முகத்தில் விழுந்தது. எதிரே, மனுக் கொடுக்க வந்தவர்கள் நிற்கிற இடத்தில், அம்மா நின்றாள்.

குமாஸ்தா ஒரு படிவத்தை நகர்த்தினார். “கையெழுத்துப் போடுங்க. ஐந்து மணிக்கு எல்லாருக்கும் அவங்கவங்க முகம் வந்துரும். ஆனா நாப்பது பேரும் உங்க கைக்குக் கீழே இருப்பாங்க. அவங்க எந்தக் கதவைத் தட்டினாலும் நீங்கதான் திறக்கணும். நாற்காலி நிரந்தரம்.”

“எவ்வளவு நாளைக்கு?”

“நிரந்தரம்னேனே.”

பேனாவை எடுத்தாள். விரலுக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருக்கிறதே என்றுதான் அவளுக்கு அசிங்கமாக இருந்தது.

“வேற வழி?”

“ரகசியக் கேள்விக்கு மூணு தடவை தப்பாப் பதில் சொன்னா விலாசம் பூட்டிக்கும். பூட்டிக்கிச்சுன்னா எல்லாரும் தனித்தனி. ஆனா உங்க சர்டிபிகேட், நீங்க போட்ட வேலை விண்ணப்பம், எல்லாம் உள்ளேயே மாட்டிக்கும். திரும்பக் கிடைக்காது. யாரும் அப்படிச் செய்ய மாட்டாங்க.”

“யார் பதில் சொல்லணும்?”

“வந்திருக்கிறவங்க.” அம்மாவைக் காட்டினார். “கேள்வி உங்க முன்னால இருக்கு. கேளுங்க.”

முப்பிடாதி வாசித்தாள். “உங்கள் முதல் பள்ளிக்கூடம் எது?”

“ஆர்.சி. நடுநிலைப் பள்ளி” என்றாள் குருவம்மாள் சட்டென்று.

“சரியான பதில்” என்றார் குமாஸ்தா. அம்மாவின் கன்னத்து மச்சம் இன்னும் கறுத்தது.

அது முப்பிடாதி படித்த பள்ளி. அம்மாவின் படிவத்தில் அதை எழுதியது முப்பிடாதி. பிரவுசிங் சென்டரில் அம்மா பக்கத்தில்தான் நின்றாள். “பள்ளிக்கூடம் எதுக்குட்டி கேக்கான்?” என்றாள். “சும்மா கேக்கான், நான் என்னத்தையாவது போட்டுக்கிடுதேன்” என்று இவள் அவசரமாகத் தட்டினாள். பின்னால் வரிசையில் கல்லூரிப் பிள்ளைகள் நின்றார்கள்.

“யம்மா” என்றாள் முப்பிடாதி. “அது நீ படிச்ச ஸ்கூலு இல்ல.”

“உனக்கு என்ன தெரியும்?”

“நான்தான் போட்டேன். உன்னைக் கேக்காமப் போட்டேன். கேட்டா நீ சத்தமாச் சொல்லிருவேன்னு பயந்தேன். பின்னால ஆள் நின்னாவ. எனக்கு உன்னால வெக்கமா இருந்துச்சு.”

குருவம்மாள் முறைத்தாள். அவள் முறைப்பதும் முப்பிடாதியின் கண்ணால்தான். தன் கோபம் எதிரே நின்று பார்த்தால் எப்படி இருக்கும் என்று முப்பிடாதிக்கு அதுவரை தெரியாது. அதற்கு எதிரே இத்தனை வருஷம் ஒருத்தி சோறு போட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள்.

“இப்ப கேக்கேன்மா. எவ்வளவு சத்தமா வேணும்னாலும் சொல்லு. உன் முதல் பள்ளிக்கூடம் எது?”

குருவம்மாளின் நெற்றிச் சுளிப்பு மெல்ல விட்டது.

“நான் போகல” என்றாள் குருவம்மாள்.

“தவறான பதில்” என்றார் குமாஸ்தா. சடை அவிழ்ந்து பாதி நரைத்த கொண்டையானது.

“வாசல் வரைக்கும் போனேன். தம்பி இடுப்புல இருந்தான். இவன் அழுதா கிளாஸு கெட்டுரும்னு டீச்சர் சொன்னாவ. திரும்பி வந்துட்டேன்.”

“தவறான பதில்.” மச்சம் போனது. குமாஸ்தா குனிந்து குரலைத் தாழ்த்தினார். “அம்மா, ஒரு வாய்ப்புதான் பாக்கி. ஆர்.சி.ன்னு சொல்லிடுங்க, சரியாயிரும். மேடம் வேலையும் நிலைக்கும்.”

குருவம்மாள் நாற்காலியைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள்.

“சொல்லும்மா” என்றாள் முப்பிடாதி.

“இவளைச் சேக்கப் போனப்பதான் முதமுதல்ல உள்ள போனேன். பெருவிரல் வைக்கச் சொன்னாவ. வச்சேன். மையைத் துடைக்கத் துணியில்ல. இவ புதுப் பாவாடையில துடைச்சுட்டேன். ஊரைக் கூட்டி அழுதா பாரு, ஆத்தீ!”

“தவறான பதில்” என்றார் குமாஸ்தா. ரொம்ப வருத்தமாகச் சொன்னார்.

கட்டடத்துக்குள் எங்கேயோ நாற்பத்தொரு தாழ்ப்பாள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தது. மேஜைப் பலகையில் எழுத்து அழிந்து வெறும் பலகையானது. விசிறி நின்றது. எதிரே குருவம்மாள் ஐம்பத்திரண்டு வயதோடு, முந்தானையில் மாவோடு நின்றாள். “இங்க என்னட்டி இந்த வெக்கை?” என்றாள்.

குமாஸ்தா புதுப் படிவம் ஒன்றை எடுத்து அம்மா பக்கம் வைத்தார். “இனிமே ஒவ்வொருத்தரும் நேர்ல வரணும். அவங்களே எழுதணும். துணைக்கு ஆள் நிக்கக் கூடாது. வந்தவங்க முதல்ல முடிச்சிரட்டும்.”

“எனக்கு எங்க கண்ணு தெரியுது?” என்றாள் குருவம்மாள். “எழுத்துக் கூட்டுறதுக்குள்ள விடிஞ்சிரும். ஏட்டி, நீயே போட்டுரு.”

முப்பிடாதி எழுந்தாள். பேனாவை அம்மா கையில் வைத்து விரலை மடக்கினாள்.

“அறிவொளி வகுப்புல உன் பேரை எழுதினேல்ல. அதை எழுது. மத்ததைக் கேட்டு எழுது. புரியலைன்னா இவரைக் கேளு.”

“நீ எங்க போற?”

“தெருவுக்கு. வீடு வீடாப் போயிச் சொல்லணும்.”

“என்னன்னு?”

“ஒரு எழுத்துப் படிக்காமத்தான் உங்க எல்லாருக்கும் சரி போட்டேன்னு.”

“பரமசிவம் செருப்பைக் கழத்திருவான்.”

“கழத்தட்டும்.”

“நாளைக்குச் சொல்லேன்டி. இதை முடிச்சிட்டு ரெண்டு பேருமாப் போவோம்.”

பதில் சொன்னால் நின்றுவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும். நின்றால் பேனாவை வாங்கிவிடுவாள். வாங்கினால் உட்கார்ந்தும் விடுவாள். அவள் கதவைத் தாண்டினாள்.

பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. “ஐயா, இந்தக் கட்டத்துல என்ன கேட்டிருக்கு?” குமாஸ்தா என்னவோ முணுமுணுத்தார். “கேக்கல. சத்தமாச் சொல்லும்” என்றாள் அம்மா.

நடை முன்னைவிட நீண்டிருந்தது. படிக்கட்டை மறுபடி எங்கோ மாற்றியிருந்தார்கள். முப்பிடாதி முதல் வீடு யாருடையது என்று யோசித்தபடி நடந்தாள்.