ஒச்சாண்டியின் கையெழுத்து

1938 மே மாதம். மதுரைக் காலேஜிலிருந்து பதினெட்டுப் பேர் ஊர்ச்சேவை செய்யக் கிளம்பினோம். சின்னமனூருக்குப் பக்கத்தில் ஓர் ஊர். பத்து நாள் முகாம். காலையில் தெருக் கூட்டுவது, மத்தியானம் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பது. பத்து நாளில் யாருக்கய்யா எழுத்து வரும்? அவரவர் பெயரை மட்டும் எழுதப் பழக்குங்கள், ரிப்போர்ட்டுக்கு அது போதும் என்றார் எங்கள் புரொபசர்.

எனக்கு வாய்த்தவர் ஒச்சாண்டி. நாற்பது வயது, கிணற்றில் கமலை இறைத்துக் காய்த்துப்போன கை. பிடித்த பிடியில் ஏழு சிலேட்டுக் குச்சி ஒடிந்தது. எட்டாம் நாள் தன் பெயரை முழுசாக எழுதிவிட்டார். அன்றைக்கு அவருக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த ஊர் ஆண்கள் மேல் ரேகைச் சட்டம் இருந்தது. திருடியிருக்க வேண்டியதில்லை, சர்க்கார் குற்றப் பரம்பரை என்று எழுதிவைத்த சாதியில் பிறந்தாலே போதும். தினமும் விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஸ்டேஷனுக்குப் போய் ரிஜிஸ்தரில் பெருவிரலை உருட்டிவிட்டு வரவேண்டும். ஒரு நாள் தவறினாலும் ஜெயில்.

"தம்பி, பேரெழுதத் தெரிஞ்சவன் ரேகை வைக்க வேணாமில்ல?" என்று கேட்டார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம். இன்டர் பாஸ் செய்த திமிர், விடுமா?

"படிச்சவனுக்கு எதுக்கு ரேகை? தைரியமாக் கையெழுத்துப் போடுங்க" என்றேன். என்னைச் செருப்பால் அடித்திருக்க வேண்டும்.

அன்று வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு போனார். நானும் ஸ்டேஷன் வாசல்வரை கூடப் போனேன். ரேகை வைக்கிற இடத்தில் நிதானமாகப் பெயரை எழுதினார். ஏட்டு குனிந்து பார்த்தார். விட்டார் ஓர் அறை.

"ஏலே, நீ என்ன கலெக்டரா? ரேகை எங்கடா? ரேகை இல்லைன்னா நீ இன்னிக்கு வரலைன்னு அர்த்தம்."

"இந்தா ஒங்க முன்னாலதான நிக்கிறேன் ஏட்டய்யா! வேணும்னா ரேகையும் வைக்கிறேன்" என்று விரலை நீட்டினார். ஏட்டு ரிஜிஸ்தரை மூடிவிட்டு அவரை உள்ளே தள்ளிப் பூட்டினார். நான் வாசலிலிருந்தே முகாமுக்குத் திரும்பினேன்.

கடைசி நாள், நாங்கள் பஸ் ஏறும்போது அவர் மனைவி மூக்கம்மாள் ஒரு தாளோடு ஓடிவந்தாள்.

"தம்பி, அவுக ஸ்டேசனுக்கு வந்தத நீங்க கண்ணால பாத்தீகள்ல? உத்தமபாளையத்து வக்கீலய்யா எழுதிக் குடுத்திருக்காக. படிச்சவுக ஒருத்தர் கீழ பேரு போட்டாப் போதும், விட்டுருவாகன்னு சொன்னாக."

பேனாவை எடுத்துவிட்டேன். மூடியைக்கூடக் கழற்றிவிட்டேன். "போலீஸ் விவகாரம். போட்டால் ஆயுசுக்கும் சர்க்கார் உத்தியோகத்தை மறந்துவிடு" என்று புரொபசர் காதோரம் சொன்னார்.

"ஒரு பேரு எழுத எம்புட்டு நேரம் தம்பி? அவுகளே எட்டு நாள்ல எழுதிட்டாகளே" என்றாள் மூக்கம்மாள்.

பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். சீ, நானும் ஒரு மனுஷன்!

ஒச்சாண்டிக்கு ஆறு மாதம் போட்டார்கள். கையெழுத்துப் போடக் கற்றவர்கள் என்று நூற்றுப் பதினோரு பேரின் பட்டியல் ரிப்போர்ட்டோடு போனது. அதில் அவர் பெயரும் இருந்தது. அதை எழுதியவன் நான்தான்.