மருந்து குடுத்தாச்சா?

டில்லியில் ஜார்ஜ் ராஜாவுக்கு முடிசூட்டிய வருஷம் அது. வண்ணார்பேட்டைக்குக் கீழே ஆற்றங்கரை வயல்களில் பிசானப் பருவத்து நெல் நடவு. என் மகன் சுடலைமாடனுக்கு நாலு மாசம்.

நடவுக்குப் போகிற எந்தப் பொம்பளையும் கைப்பிள்ளையை முழித்திருக்க விடமாட்டாள். கடுகளவு அபினியைத் தாய்ப்பாலில் உரசி நாக்கில் தடவினால் பொழுது சாயும்வரை பிள்ளை அசையாது. ஆனால் அபினி என்ற பேரை யாரும் வாயால் சொல்வதில்லை. சொன்னால் பிள்ளைக்கு ஆகாதாம். எங்கள் தெருவில் அதற்குப் பேர் மருந்து. வயிற்றுப்பொருமலுக்கு வசம்பு உரசிக் கொடுத்தாலும் மருந்துதான். எந்த மடச்சி வைத்த பேரோ, அவள் வாயில் மண் விழ.

அன்று காலையில் அபினியைத் தடவி, பிள்ளையை மரத்தடித் தொட்டிலில் போட்டுவிட்டு வயலில் இறங்கினேன். முந்தின நாளே அவனுக்கு வயிறு பொருமிக் கிடந்தது. கஞ்சி கொண்டுவந்த என் புருஷனின் அக்கா சண்முகசுந்தரி வரப்பில் நின்று கேட்டாள்.

"ஏளா தங்கத்தாயி, பிள்ளைக்கு மருந்து குடுத்தாச்சா?"

வசம்பைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். "இல்ல மதினி, நீங்க குடுத்திருங்க," என்றேன், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

உச்சிப்பொழுதில் பால் கட்டி மார்பு வலித்தது. கரையேறித் தொட்டிலை விலக்கினேன். நாவற்பழம் தின்றதுபோலப் பிள்ளையின் உதடு கறுத்திருந்தது. காம்பை வைத்தேன், சப்பவில்லை. மூச்சு வந்தது, நின்றது, நெடுநேரம் கழித்து மறுபடி வந்தது.

"மதினி, என்னத்த குடுத்திய?"

"மருந்துதான். நீதானளா குடுக்கச் சொன்ன."

"வசம்பா?"

அவள் மடியில் முடிந்திருந்த அபினியைத் தொட்டுக் காட்டினாள்.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மதினி பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு தடவையும் முகம் சுளிக்கிறானா என்று பார்த்தேன். ஓரிடத்தில் சுளிக்கவில்லை. அந்த இடத்தை இன்றைக்கும் என்னால் நிம்மதியாகக் கடக்க முடியாது.

பிள்ளைக்கு என்ன கொடுத்தாய் என்று அங்கே நர்ஸ் ஹெப்சிபா அம்மாள் கேட்டதும், "மருந்து," என்றேன்.

"பேரச் சொல்லு."

முதல் தடவையாகப் பேரைச் சொன்னேன். குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் பிள்ளை வீறிட்டு அழுதான். நானும் மதினியும் கட்டிக்கொண்டு அழுதோம்.

ஹெப்சிபா அம்மாள் முகம் மட்டும் தெளியவில்லை. "தெனமும் குடுத்துப் பழக்கிட்ட. இனி அதக் கேட்டு நாலஞ்சு நாளு அழுவான். அழட்டும். திரும்பக் குடுத்தேன்னா, அடுத்த தடவ இங்கன தூக்கிட்டு வரவே வேண்டியிருக்காது," என்றாள்.

மூன்றாம் நாள் காலையில் வீட்டில் பிள்ளை கொட்டாவி விட்டான், தும்மினான், கைகால் நடுங்க ஓயாமல் கதறினான். அபினி கிடைக்காத நாளில் என் புருஷன் முத்துமாலையும் இப்படித்தான். நாலு மாசப் பிள்ளைக்கு அப்பனின் நடுக்கம்.

"பாவம்ளா. பாதிக் கடுகு போதும்," என்றாள் மதினி.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "உரசப் பாலு பீச்சித் தாரேன்," என்று வந்தது.

என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு எனக்கே பயம் பிடித்துக்கொண்டது. பிள்ளையை வாரிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். அழுகைச் சத்தம் கேட்டு எதிர்வீட்டு இசக்கித்தாய் வெளியே வந்தாள். பிள்ளையைப் பார்த்ததும் அவள் கை மடிக்குப் போனது.

"எங்கனளா ஓடுத? எங்கிட்ட மருந்து இருக்கு, வா."

பக்கத்து வீட்டுக் கதவும் திறந்தது.