செம்புக் கழுகின் வாசல்

செலிக் பென்சிலில் காமிக்ஸ் படம் வரைவான். நான் அதன்மேல் மை ஓட்டுவேன். நியூயார்க்கில் இருபத்து மூன்றாம் தெரு, நாலாவது மாடி. மேசைகள் ஒட்டிக் கிடந்தும் நாங்கள் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். சொந்த ஊர் பியாலிஸ்டாக்கை ஜெர்மன்காரர்கள் பிடித்து, அவன் அம்மாவின் கடிதங்கள் நின்ற பிறகு அதுவும் குறைந்துவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்றாம் வருஷம், நவம்பர். முதலாளி ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். கிளிஃபர்ட் கிரே என்பது அவர் அறைக் கதவில் இருக்கும் பெயர். பிறந்தபோது வைத்த யூதப் பெயர் கல்மன் கிராபார்ட். நானும் படங்களில் வேறு பெயரில்தான் கையெழுத்திடுகிறேன். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

"என்னய்யா இது?"

எங்கள் நாயகன் செம்புக் கழுகு சண்டை முடிந்து வீடு திரும்பும் கட்டம். வலப்பக்க நிலைக்காலில், தோள் உயரத்தில், விரல் நீளப் பெட்டி ஒன்று சாய்வாக இருந்தது. மெசூசா. எங்கள் யூத வீடுகளின் வாசலில் அறைந்திருக்கும்; உள்ளே சுருட்டிய வேத வரிகள். செலிக் வேண்டுமென்று வரையவில்லை. கதவு வரைந்தால் அவன் கை அதையும் வரைந்துவிடுகிறது. மை ஓட்டிய எனக்கும் உறுத்தவில்லை.

"இவன் ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறவன். இவன் வாசல்ல இது எதுக்கு? ஐயோவாவுல பட்டிக்காட்டுக் கடைக்காரன் பாத்தா கட்டோட திருப்பி அனுப்பிடுவான்."

செலிக் சிரித்தான். எத்தனையோ மாதம் கழித்து.

"ஐயோவாக்காரன் இதைக் காலிங் பெல்லுன்னு நினைச்சுக்குவான் மிஸ்டர் கிரே. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவர் முகம் சிவந்தது. "வெள்ளை அடி. இல்லேன்னா கோட்டை மாட்டிக்கிட்டுக் கிளம்பு."

"மாட்டேன். அது எங்கம்மா வீட்டுக் கதவு. அதைப் பிடுங்கிப் போட அங்கேயே நாஜி ஆளுங்க இருக்காங்க. நீங்க வேற எதுக்கு?"

அவர் என் பக்கம் திரும்பினார். "ஹிர்ஷ், நீயாவது அடிப்பா."

வெள்ளை மைப் புட்டி என் கையருகே இருந்தது. நான் பேசாமலிருந்தால் சம்மதம் என்றுதான் இதுவரை எல்லோரும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த முறை புட்டியைத் தொடவில்லை. அவரே தூரிகையை எடுத்து இரண்டு இழுப்பில் மறைத்தார். சுத்தமான வேலை.

"நாலு மணிக்கு அச்சகத்து ஆள் வருவான். குடுத்துடு." அறைக் கதவை அறைந்து சாத்திக்கொண்டார்.

செலிக் கோட்டை எடுத்தான். நான் அந்த வெள்ளைத் திட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களால் அடிக்க முடியாதவர்களை அடிப்பதற்கென்றே அந்தத் தோள்களை, அந்த முஷ்டியை நாங்கள் செய்து கொடுத்தோம். அவன் கடல் தாண்டிப் போகலாம், டாங்கியைப் புரட்டலாம். எங்கள் வாசலில் மட்டும் நுழையக் கூடாதா?

வெள்ளை காய்ந்திருந்தது. பேனாவை மையில் தோய்த்து அதன்மேல் நாலு கோட்டில் அந்தப் பெட்டியை மறுபடி இழுத்தேன்.

ஒரு கை கோட்டுக்குள் இருக்க, செலிக் நின்றான். "வேலை போயிடும்டா."

"சாய்வு சரியா இருக்கா, அதைச் சொல்லு."

குனிந்து வெகுநேரம் பார்த்தான். "மேல்முனை இன்னும் கொஞ்சம் உள்பக்கமா சாயணும்."

திருத்தினேன். நாலு மணிக்கு ஆள் வந்தான், கொடுத்துவிட்டேன்.

அச்சாகி லட்சம் கைகளுக்குப் போகும்; பலருக்கும் அது காலிங் பெல்தான். கல்மன் கிராபார்ட் கண்ணில்தான் முதலில் படும்.