இரண்டாவது மதிப்பீட்டாளர்

"அக்கா, தீப்பிடிச்சது பக்கத்து ரூம்ல. எங்கம்மா இருந்தது வேற ரூம்ல. நடுவுல அம்புட்டு எடம் விட்டுத்தான கட்டியிருக்காக? பெறகு எங்கம்மா கை ஏன் வெந்துச்சு?"

செல்வலட்சுமி இதைக் கேட்டபோது அவளுக்கு எட்டு வயது. மூன்றாம் வகுப்புக் கணக்கு நோட்டு மடியில் இருந்தது. பென்சிலின் பின்முனையைக் கடித்துக்கொண்டே கேட்டாள். பட்டாசு ஆலையில் அறைகளைத் தள்ளித் தள்ளிக் கட்டுவார்கள். ஓர் அறையில் ஏதும் நடந்தால் அது அந்த அறையோடு நின்றுவிட வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அந்த ஏற்பாட்டை நம்பித்தான் அவள் அம்மா மாடத்தி எட்டு வருடம் வேலைக்குப் போனாள். அன்றைக்குக் காற்று வேறுவிதமாக நினைத்துவிட்டது.

அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஜாஸ்பின், "அடுத்த கணக்கைப் போடு" என்றாள். அப்படிச் சொன்னதற்காக வெகுநாள் வருத்தப்பட்டாள்.

மாடத்தியின் குடும்பம் கீழ்வீட்டிலும் ஜாஸ்பின் தனியாக மாடி அறையிலும் குடியிருந்தார்கள். திருத்தங்கலில் அவளை எல்லாரும் கம்ப்யூட்டர் டீச்சர் என்று நினைத்தார்கள். அவள் படித்தது க்வாண்டம் கணினியைப் பற்றி. அப்படி ஒரு கணினி அப்போது உலகத்தில் எங்குமே முழுதாக உருவாகியிருக்கவில்லை. அதன் உறுப்புகளான க்யூபிட்டுகள் லேசான வெப்பம் பட்டாலே கணக்கைத் தவறவிட்டுவிடும். அந்தத் தவறுகளை எப்படித் திருத்துவது என்று காகிதத்தில் கணிதமாக எழுதிப் பார்ப்பதுதான் அவள் வேலை. அந்தத் துறையின் கட்டுரைகள் பலவும் ஒரே வரியில்தான் தொடங்கும்: ஒவ்வொரு க்யூபிட்டிலும் பிழை தனித்தனியாக நேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜாஸ்பினும் பத்து வருடமாக அந்த வரியை எழுதிவந்தாள்.

செல்வலட்சுமி கேட்ட மறுநாள் காலை அவள் ஒரு புது நோட்டை எடுத்து அந்த வரியை எழுதி, அடித்தாள். ஒன்றில் விழுந்த பிழை தள்ளியிருக்கும் இன்னொன்றையும் தொடுமானால் என்ன ஆகும்? அந்தக் கேள்வியோடு பதினான்கு மாதம் இருந்தாள்.

அவளுக்குத் துணையாக இருந்தது அந்தக் கேள்வி மட்டும்தான். சென்னையில் டாக்டர் பட்டம் வாங்கி, கனடாவில் மூன்று வருட ஒப்பந்த வேலை பார்த்து, அடுத்த ஒப்பந்தம் எங்கும் கிடைக்காமல் ஊர் திரும்பியவள் அவள். விருதுநகருக்கும் சாத்தூருக்கும் நடுவில் ஒரு பொறியியல் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு இயற்பியல் எடுத்தாள். வாரத்துக்குப் பதினெட்டு மணி நேரம் வகுப்பு. கோடை விடுமுறையில் மல்லாங்கிணறு பக்கம் வீடுவீடாகப் போய் அட்மிஷனுக்கு ஆள் பிடிக்க வேண்டும். கனடாவில் அடுத்த மேசையில் இருந்த தோழி முதலில் வாரம் ஒரு கடிதம் எழுதினாள், பிறகு மாதம் ஒன்று, பிறகு கிறிஸ்துமஸ் வாழ்த்து. ஒரு சமன்பாட்டைப் பலகையில் எழுதி "இது சரியா, பாரேன்" என்று கேட்க அந்த மாவட்டத்தில் அவளுக்கு ஒருவரும் இல்லை. ஒருமுறை காலி வகுப்பறையில் எழுதிவிட்டுத் திரும்பி, வெறும் பெஞ்சுகளைப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டாள். பிறகு வெட்கப்பட்டு அழித்துவிட்டாள்.

அந்த 2008ஆம் ஆண்டு அக்டோபரில் அவளுக்கு ஒரு வாசல் திறந்திருந்தது. வடக்கே ஓர் ஆராய்ச்சி நிறுவனம் உதவிப் பேராசிரியர் வேலைக்கு விளம்பரம் செய்திருந்தது. முப்பத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும். டிசம்பரில் அவளுக்கு முப்பத்தைந்து முடிகிறது. அதற்குப் பிறகு இந்த மாதிரி விண்ணப்பம் எதையும் அவள் வாங்கவே முடியாது. விண்ணப்பத்தில் கடைசி மூன்று வருட ஆய்வைக் கேட்டிருந்தார்கள். காட்டுவதற்கு அவளிடம் ஒரே ஒரு கட்டுரைதான் இருந்தது, அதுவும் இருபத்தாறு பக்கத்தில் முடியாமல் நின்றது. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் மின்வெட்டு. கடைசி நாள் அக்டோபர் முப்பத்தொன்று.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே மாடியில் கோட்டைச்சாமியின் பிரவுசிங் சென்டர் இருந்தது. ஐந்து கணினிகளில் நான்கில் புத்தாண்டுக் காலண்டருக்கான சாமி படங்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பார்கள். ஓரத்துக் கணினி ஜாஸ்பினுக்கு.

"வாங்க டீச்சர். ஒங்க கம்ப்யூட்டரு வந்துருச்சா?"

"இன்னும் வரல அண்ணாச்சி."

"வராத கம்ப்யூட்டருக்கு ரிப்பேர் பாக்குற ஆளு இந்த ஜில்லாவுலயே நீங்க ஒருத்தருதான். இங்கன வந்துருக்குற கம்ப்யூட்டரு மூணு நாளா முருகனுக்கு ஒரு கையக் காட்ட மாட்டேங்குது. அதப் பாக்க நாதியில்ல."

"வேல் எந்தக் கையில இருக்கு?"

"அந்தக் கையத்தான் காணோம்."

அவள் சிரித்துக்கொண்டே மின்னஞ்சலைத் திறந்தாள். ஓர் ஆய்விதழின் ஆசிரியர் எழுதியிருந்தார். ஒரு கட்டுரையை மதிப்பிட்டுத் தர வேண்டும். முதல் மதிப்பீட்டாளர் 'நம்பும்படியாக இல்லை' என்று இரண்டு வரியில் முடித்துவிட்டார், நீங்கள் இரண்டாமவர், உங்கள் சொல்லைப் பொறுத்து முடிவெடுப்போம். தலைப்பைப் படித்ததும் ஜாஸ்பினின் சிரிப்பு நின்றுவிட்டது. விலகி நிற்கும் க்யூபிட்டுகளுக்கிடையே பரவும் பிழைகள்.

அவளுடைய கேள்வியேதான்.

முறைப்படி உடனே பதில் எழுதினாள். இதே கேள்வியில் நானும் வேலை செய்கிறேன், நான் மதிப்பிடுவது சரியாக இருக்காது. மறுநாள் ஆசிரியரின் பதில் வந்திருந்தது. நீங்கள் சொன்னதற்கு நன்றி. ஆறு பேரைக் கேட்டுவிட்டேன், நேரமில்லை என்கிறார்கள். உங்கள் நேர்மையை நம்புகிறேன், நீங்களே பாருங்கள்.

கோட்டைச்சாமி முப்பத்தொரு பக்கத்தையும் அச்செடுத்து, காலண்டர் அட்டை ஒன்றை மேலே வைத்துத் தைத்தே கொடுத்தார்.

எழுதியவர் தென் அமெரிக்காவில் ஏதோ ஒரு மலையூர்க் கல்லூரிக்காரர். அவர் பெயரை அவள் கேள்விப்பட்டதில்லை. கட்டுரையின் கடைசியில் எல்லாரும் தங்கள் குருவுக்கும் நண்பர்களுக்கும் நிதி தந்தவர்களுக்கும் நன்றி சொல்வார்கள். இவர் ஒரே ஒரு நன்றிதான் சொல்லியிருந்தார்: சனிக்கிழமைகளில் நூலகத்தைத் திறந்து வைத்ததற்காக நூலகருக்கு. ஜாஸ்பின் அந்த வரியை இரண்டு முறை படித்தாள்.

பதினெட்டாம் பக்கத்தில் பிழை இருந்தது. ஒரு க்யூபிட்டின் பிழை இன்னொன்றைத் தொடுவதை அவர் எண்ணியிருந்தார், தொட்டது திரும்பி வந்து முதலாவதையே மறுபடியும் தொடும் என்பதை எண்ணவில்லை. எண்ணினால் கூட்டல் எங்கும் நிற்காமல் வளர்ந்துகொண்டே போகும். தனியாக வேலை செய்கிறவர்கள் செய்கிற தவறு அது. பக்கத்து மேசையில் ஒருவர் இருந்திருந்தால் தேநீர் குடிக்கும் நேரத்துக்குள் சொல்லியிருப்பார். ஜாஸ்பினும் அதே இடத்தில் ஐந்து மாதம் நின்றிருக்கிறாள். பிறகு க்யூபிட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணாமல் கூட்டம் கூட்டமாகச் சேர்த்து எண்ண ஒரு வழி கண்டாள். பெரிய தேற்றத்தைத் தாங்கிப் பிடிக்கும் ஒன்றரைப் பக்கத் துணைத்தேற்றம். அவளுடைய இருபத்தாறு பக்கத்துக்கும் அதுதான் உயிர்.

மாலையில் தண்ணீர் பிடிக்கக் கீழே போனபோது மாடத்தி வாசலில் உட்கார்ந்து தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். வலது கையின் விரல்கள் மடங்காததால் இடது கையால் ஒட்டினாள்.

"என்ன டீச்சரம்மா, சாப்பிட்டீகளா? மொகம் வத்திப்போய்க் கெடக்கு?"

"ஒண்ணுமில்லக்கா. நான் எழுதிக்கிட்டிருந்தத இன்னொருத்தரு எழுதிட்டாரு."

"களவாண்டுட்டானா?"

"இல்லக்கா. அவரா யோசிச்சு எழுதியிருக்காரு. பாத்துச் சொல்லுங்கன்னு எனக்கே அனுப்பியிருக்காக. அதுல ஒரு எடத்துல தப்பு."

"அப்ப நல்லதாப் போச்சு! தப்புன்னு எழுதிப் போட்டுட்டு ஒங்களுத மொதல்ல அனுப்புங்க. தப்பத் தப்புன்னு சொன்னா சாமி குத்தமா?"

"குத்தமில்லதான்."

"பெறகு என்ன? எனக்கு மட்டும் அந்த வேல இருந்தா இந்நேரம் ஒட்டி முடிச்சு அனுப்பியிருப்பேன். நீங்க படிச்சவுக, நின்னு நின்னு யோசிக்கிறீக. இதுக்குத்தேன் சொல்றேன், காலாகாலத்துல ஒரு மாப்பிள்ளையப் பாத்துருந்தா…"

"அவரு வந்து இந்தக் கணக்கப் போடுவாராக்கா?"

"போடமாட்டான். சண்டையாவது போடுவான்ல? இப்படி ஒண்டியா செவுத்தப் பாத்துக்கிட்டு இருக்கமாட்டீக."

மாடத்தி சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் ஜாஸ்பினுக்குக் கஷ்டமாக இருந்தது. பதினெட்டாம் பக்கத்தில் நிரூபணம் நிற்கவில்லை என்று எழுதினால் அது உண்மை. மதிப்பீட்டாளரின் கடமையும் அதோடு தீர்ந்தது. ஏற்கெனவே ஒருவர் மறுத்திருப்பதால் கட்டுரை திரும்பிப் போகும். அந்த மலையூர்க்காரர் மறுபடி தொடங்குவதற்குள் அவளுடையது வெளியே வந்துவிடும். யாரும் அவளை ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போனாள். மௌன ஜெபத்தில் அவளுக்கென்று ஒரு வரிசை உண்டு. அப்பா, அம்மா, மாடத்தியின் கை, செல்வலட்சுமியின் படிப்பு. கடைசியில் எப்போதும் ஒரு வேண்டுதல்: அந்த நான்கு பக்கம் எழுதியவரை ஆசீர்வதியும்.

அவர் யாரென்று அவளுக்குத் தெரியாது. மாணவியாக இருந்தபோது அவள் அனுப்பிய முதல் கட்டுரையில் ஏழாம் பக்கத்திலேயே அடிப்படை பிசகியிருந்தது. 'தவறு' என்று ஒரு சொல்லில் திருப்பி அனுப்பியிருக்கலாம். பெயரில்லாத ஒரு மதிப்பீட்டாளர் நான்கு பக்கம் எழுதியிருந்தார். எங்கே தவறியது, ஏன் தவறியது, எப்படிக் கட்டினால் நிற்கும் என்று, ஒரு கடுஞ்சொல்கூட இல்லாமல். அவர் காட்டிய வழியில் திருத்தித்தான் அவள் டாக்டர் ஆனாள். அந்த வழி அவருடைய சொந்த வேலையாகக்கூட இருந்திருக்கலாம் என்று இத்தனை வருடத்தில் அவளுக்கு ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. இன்றுதான் தோன்றியது.

அன்று அந்த வேண்டுதலை அவளால் சொல்லி முடிக்க முடியவில்லை. அதற்குள் சபையார் ஆமென் சொல்லிவிட்டார்கள்.

மதியம் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். மின்சாரம் இல்லை. ஜன்னலோரம் மேசையை இழுத்துப் போட்டு எழுதத் தொடங்கினாள். கட்டுரையின் எண்ணம் புதியது, நல்லது என்று முதலில் எழுதினாள். பதினெட்டாம் பக்கத்தின் பிழையை விளக்கினாள். அங்கே ஒருமுறை பேனா நின்றது. அதற்குக் கீழே ஒரு புள்ளி வைத்துக் கையெழுத்தில்லாத அந்தத் தாளை மடித்துவிடலாம். வெளியே லாரியில் சரக்கு ஏற்றுகிறவர்களின் சத்தம் கேட்டது. தீபாவளிக்கு முந்திய கடைசி லோடு. ஆண்டவரே என்று ஒரு சொல் மட்டும் சொன்னாள். பிறகு பக்கத்தைத் திருப்பி, ஒன்றரைப் பக்கத் துணைத்தேற்றத்தை நிரூபணத்தோடு, ஒரு படியும் விடாமல் எழுதினாள். இதைச் சேர்த்தால் உங்கள் தேற்றம் நிற்கும் என்று முடித்தாள்.

எழுதி முடித்ததும் அழுதாள். கொஞ்ச நேரம்தான். கீழே செல்வலட்சுமி பதினாறாம் வாய்ப்பாட்டைக் கத்திப் படித்துக்கொண்டிருந்தாள், எட்டாவது வரியில் தப்பாகச் சொல்லிக்கொண்டே போனாள். ஜாஸ்பின் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகத் திருத்தினாள்.

திங்கட்கிழமை கல்லூரி விட்டு வந்து பிரவுசிங் சென்டருக்குப் போனாள். ஏறும்போதே மின்சாரம் போய்விட்டது.

"இன்வெர்ட்டர் அஞ்சையும் தாங்காது டீச்சர். சாமிகளுக்கு லீவு விட்டுட்டேன். ஒங்களுது மட்டும் ஓடட்டும்" என்றார் கோட்டைச்சாமி. "நாங்க கீழ டீ குடிச்சிட்டு வாரோம். ஒங்களுக்கு?"

"வேண்டாம் அண்ணாச்சி."

எல்லாரும் இறங்கிப் போனார்கள். அவள் முதலில் தன் விண்ணப்பத்தைத் திறந்தாள். 'தயாராகிவரும் கட்டுரைகள்' என்ற கட்டத்தில் இருந்த ஒரே தலைப்பை அழித்தாள். அதன் உயிர் இனி அந்த மலையூர்க்காரரின் கட்டுரையில் இருக்கும். மீதியை அப்படியே அனுப்பினாள். அதற்கு என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரியும். வகுப்பெடுத்தே வயதாகிப் போகலாம். அதுவும் ஒரு வேலைதான், அதிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். முழு ஆறுதலாக இல்லை. ஆனாலும் சொல்லிக்கொண்டாள்.

பிறகு மதிப்பீட்டைத் தட்டச்சு செய்தாள். ஒருமணி நேரம் ஆயிற்று. யாரும் மேலே வரவில்லை. இதழின் படிவம் கடைசியாக ஒரு கேள்வி கேட்டது: உங்கள் பெயரைக் கட்டுரையாளருக்குத் தெரிவிக்கலாமா?

ஆம் என்றால் அந்த மலையூர்க்காரர் நூலகருக்குப் பக்கத்தில் இவள் பெயரையும் போடுவார். அவளுக்கு அது வேண்டும்போல இருந்தது. உலகத்தின் அந்தக் கோடியில், ஒரு காகிதத்தில், தன் பெயரை அறிந்த ஒரு மனிதர். விரல் அங்கே போய்த் தயங்கியது.

நான்கு பக்கம் எழுதியவரும் இப்படி ஒரு கட்டத்தின் முன் உட்கார்ந்திருப்பார்.

அவள் 'வேண்டாம்' என்பதில் குறியிட்டு அனுப்பினாள்.