ரைகருக்குப் போட்ட பட்டி

கனிசியஸ் தன் நாயைக் கை நீட்டி அடித்தவனல்ல. பெண்சாதியும் போய், பிள்ளையும் இல்லாத மனிதனுக்கு வீட்டில் துணையென்று இருந்த ஒரே சீவன் ரைகர்தான். அதை அடிக்க எப்படி மனம் வரும்? ஆனால் ரைகர் பக்கத்துவீட்டு லூர்த்தம்மாவின் கருவாட்டைத் திருடியது. அதுவும் எப்போது? பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்ததும் குருநகர்ப் பெண்கள் கைவேலையைப் போட்டுவிட்டு, நின்ற இடத்திலேயே கண்ணை மூடித் திரிகால செபம் சொல்வார்கள். அந்த நேரம் பார்த்துத்தான்! செபம் முடிந்து கண்ணைத் திறந்தால் பாயில் காயப்போட்ட சூடை மீனில் பாதி இராது.

“இன்னுமொருக்கா வந்துதெண்டால் நஞ்சு வைப்பன், சொல்லிப்போட்டன்” என்றாள் லூர்த்தம்மா. சொன்னால் செய்கிற பெண்பிள்ளை.

சனம் பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற எழுபத்துமூன்றாம் ஆண்டு அது. கப்பலில் வேலை செய்த தம்பி செபநாயகம் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்ததோ ஒரு நாய்ப்பட்டி. தூர நின்று, அதோடு வந்த நெருப்புப்பெட்டி போன்ற கைப்பெட்டியின் பொத்தானை அமர்த்தினால் நாயின் கழுத்தில் கரண்ட் அடிக்குமாம்.

“வெள்ளைக்காரன் இப்பிடித்தான் நாய் பழக்கிறான், அண்ணை. அடியில்லை, உதையில்லை, ஒரு தழும்புகூட வராது.”

ஒழுங்கைச் சனமெல்லாம் கூடி நின்று வாதாடியது. ஆம்பிளைகள் எல்லாரும் பட்டியின் பக்கம். எதிர்த்து நின்றவள் யார் என்கிறீர்கள்? கருவாட்டைப் பறிகொடுத்த லூர்த்தம்மா!

“நான் தடியெடுத்தால் ஏன் அடிக்கிறனெண்டு அதுக்கு விளங்கும். உது எங்கையிருந்து, எதுக்கு விழுகுதெண்டு அந்த வாயில்லாச் சீவனுக்கு என்னெண்டு தெரியும்?”

“நஞ்சு வைக்கிற ஆள் கதைக்கிற கதையைப் பாருங்கோ” என்று கனிசியஸ் சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள்.

ரைகரின் கழுத்தில் பட்டியைக் கட்டிவிட்டு, மூன்று நாள் வேலிக்குப் பின்னால் குந்தியிருந்தான். மணி அடிக்கும், ரைகர் பாயில் வாய் வைக்கும், இவன் பொத்தானை அமர்த்துவான். நாய் வீரிட்டுக்கொண்டு ஓடும். நாலாம் நாள் மணி அடித்தபோது ரைகர் பாயின் பக்கமே போகவில்லை. கனிசியசுக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை. பட்டியைக் கழற்றிவிட்டான்.

ஆனால் ஒரு மணிக்கு, எந்த மணியும் அடிக்காத அந்த நேரத்தில், ரைகர் ஆறுதலாகப் போய்க் கருவாடு தின்றது. அந்தி மணி அடித்ததும் குழறிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் புகுந்தது. திருநாள் கொடியேற்றத்துக்கு மணிகள் எல்லாம் சேர்ந்து முழங்கியபோது, கூடியிருந்த சனத்துக்கு நடுவால் ஊளையிட்டபடி ஓடியது. ஐயோ, அந்த மானக்கேட்டை என்னவென்று சொல்ல!

“கோயில் மணிக்குக் குழறுறதெண்டால் அது பிசாசுதான்” என்று தீர்ப்புச் சொன்னார் கோயில் மூப்பர் இன்னாசித்தம்பி. “திருநாள் முடியமுதல் உந்த நாயை ஊரைவிட்டுக் கலைச்சுப்போடு.”

“பிசாசில்லை மூப்பர், கரண்ட்!” என்று கனிசியஸ் கெஞ்சினான்.

“கரண்ட் கருவாட்டுக்கெல்லோ குடுத்தனி? பிறகேன் மணிக்குப் பயப்பிடுது?”

பட்டிக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்கு நழுவினார்கள்.

அன்று பின்னேரம் லூர்த்தம்மா வேலிப் பொட்டால் நுழைந்து உள்ளே வந்தாள். “விசரா, அது மணிதான் கடிக்குதெண்டு நினைக்குது. விடு என்னட்டை.” கட்டிலுக்கு அடியில் கிடந்ததைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் தொடங்கி ஒவ்வொரு மணிக்கும் ரைகரை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு ஒரு சூடையை ஊட்டினாள். நாய்க்காகச் செபத்தைப் பிந்திச் சொன்னாள். திருநாள் முடிவதற்குள் மணி கேட்டால் ரைகர் வாலை ஆட்டியது. தான் தீர்த்தம் தெளித்ததில் பிசாசு ஓடிவிட்டது என்று இன்னாசித்தம்பி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

கனிசியஸ் நல்ல பாரை மீனொன்றோடு நாயைக் கூட்டிவரப் போனான். மகிழ்ச்சியில் கண் கலங்கியிருந்தது.

“ரைகர், வாடா வீட்டை.”

ரைகர் வாலை ஆட்டிக்கொண்டு பாதி முற்றம் வந்தது. லூர்த்தம்மாவோடு நாலு வார்த்தை கதைப்போம் என்று, சுருட்டுப் பற்றவைக்கக் கனிசியஸ் நெருப்புப்பெட்டியைக் கையில் எடுத்தான். மணி அடிக்கவில்லை. ஆனாலும் நாய் வீரிட்டுக்கொண்டு ஓடி லூர்த்தம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒடுங்கியது. வேலிக்குப் பின்னால் குந்தியிருந்தது யாரென்று அதற்குத் தெரியாது என்றல்லவா அவன் நினைத்திருந்தான்!

நெருப்புப்பெட்டியை எறிந்துவிட்டு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். “ஒண்டுமில்லையடா ராசா, பார்.”

ரைகர் தலையைத் தூக்கவில்லை. லூர்த்தம்மா மீனை வாங்கிக்கொண்டாள்.

“நீ போ, கனிசியஸ்” என்றாள் மெல்ல. “நீ நிண்டால் அது தின்னாது.”