இன்னொரு நாற்காலி

கோபுரத்தின் உச்சிக்குப் போகும் லிஃப்ட் எந்தப் பக்கம் என்று மகனுக்குத் தெரியவில்லை. டிக்கெட் வாங்கிய இடத்திலிருந்து இடதுபுறம் போய், அங்கே கழிவறை இருப்பதைப் பார்த்துத் திரும்பி வந்து, செல்போனை இப்படியும் அப்படியும் திருப்பி வரைபடத்தை ஆராய்ந்தான். "போன தடவை ஃப்ரெண்ட்ஸோட வந்தப்ப இங்கதாம்மா இருந்துச்சு. மாத்திட்டாங்க போல" என்றான். லிஃப்டைப் பீரோ மாதிரி இடம் மாற்ற முடியுமா என்று அவளுக்குத் தோன்றியது. கேட்கவில்லை. ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு ஊர் சுற்றிக் காட்ட அழைத்து வந்திருக்கிறான். பாவம், முகத்தை வாடவைப்பானேன்.

அவளுடைய ஊரில் அவளுக்கு மெஸ் அக்கா என்றுதான் பெயர். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கணவர் போன பிறகு வீட்டின் முன்னறையில் பெஞ்சு போட்டு ஆரம்பித்த சாப்பாட்டுக் கடை. மகனை விமானம் ஏற்றிவிட்டது அந்த அடுப்புதான்.

உச்சியில் காற்று முகத்தில் அடித்தது. கீழே கூரைகள், நடுவே ஆறு, எறும்பு ஊர்வதுபோல வண்டிகள். மகன் செல்போனைப் பார்த்து, அது எந்தக் கட்டடம், இது எந்தப் பாலம் என்று வாசித்துச் சொன்னான். வாசித்து முடித்ததும் நிமிர்ந்து, அவனும் அவளைப் போலவே வாயைத் திறந்தபடி பார்த்தான். பிறகு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவள் பக்கம் திரும்பாமலே சொன்னான்: "இங்கயே இருந்துடேன்மா."

"பாக்கலாம்டா."

அவள் 'பாக்கலாம்' என்றால் இல்லை என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமையும் கடை திறக்கச் சொல்லிக் கேட்டவர்களுக்கெல்லாம் அது தெரியும். மகனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். கம்பியை விட்டுவிட்டு லிஃப்ட் பக்கம் நடந்தான். தனியாகக் கிடக்கிறாளே என்று கடமைக்குக் கூப்பிடுகிறான் என்றுதான் அவள் நினைத்தாள். அவனுக்கென்று வேலை, சேக்காளிகள், ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பாட்டம் என்று ஒரு வாழ்க்கை இருக்கிறது. அதற்கு நடுவில் போய் நந்தி மாதிரி உட்காருவதா?

அதன் பிறகு ஒரு அருங்காட்சியகம். தலை இல்லாத சிலைகள், தங்கச் சட்டம் போட்ட ராஜாக்கள். மகன் வாங்கித் தந்த புது ஷூ அங்கேயே குதிகாலைக் கடிக்க ஆரம்பித்துவிட்டது. சாயங்காலம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெரிய ஹோட்டல் ஒன்றில் மேஜை சொல்லி வைத்திருந்தான். பாதி வழியில் அவள் ஒரு படிக்கட்டில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். தோல் உரிந்திருந்தது.

"என்னால ஆகாதுடா. பக்கத்துலயே எங்கயாவது சாப்பிடுவோம். நீ வழக்கமா சாப்பிடற இடம் எதுவும் இல்லையா?"

அவன் சற்று யோசித்தான். "ஒண்ணு இருக்கு. சின்ன இடம்மா. உனக்குப் பிடிக்காது."

"உக்கார எடம் இருந்தாப் போதும்."

ஒரு சந்துக்குள், கண்ணாடிக் கதவும் ஏழெட்டு மேஜையும் உள்ள கடை. ஏப்ரன் கட்டிய பருமனான பெண் ஒருத்தி மகனைப் பார்த்துத் தலையசைத்தாள். பழக்கத்தில் சுவரோரத்து மூலை மேஜையைத் துடைக்கப் போனவள், பின்னால் நொண்டிக்கொண்டு வந்த அம்மாவைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள். அந்த மேஜைக்கு ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. அவள் ஏதோ கடகடவென்று சொல்லிக்கொண்டே ஓடிப்போய் இன்னொரு நாற்காலியைத் தூக்கி வந்தாள். அடுக்களையிலிருந்து சமையல்காரர்கூட எட்டிப் பார்த்தார்.

"என்னடா சொல்றா?"

"வாங்கன்னு சொல்றாங்கம்மா."

வாங்க என்பதற்கு இவ்வளவு வார்த்தையா?

எதுவும் சொல்லாமலே சாப்பாடு வந்தது. முதலில் சூப், தடிமனாக அறுத்த ரொட்டி. பிறகு எலுமிச்சை பிழிந்த முழு மீன், அடியில் வதக்கிய வெங்காயம். ஒரு வாய் வைத்ததும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவசரப்படாமல், சின்னத் தீயில், பக்கத்திலேயே நின்று வதக்கிய வெங்காயம். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, ஆறிப்போனதை நின்றுகொண்டே வழித்துத் தின்றுதான் அவளுக்குப் பழக்கம். சுடச்சுட ஒருவர் கொண்டுவந்து முன்னால் வைத்து, போதுமா என்று முகம் பார்ப்பது புதிதாக இருந்தது.

ரொட்டித் தட்டை நிரப்ப வந்தவள் போகாமல் நின்றாள். மூலையைக் காட்டினாள், மகனைக் காட்டினாள், ஒரு விரலை நீட்டினாள். பிறகு அம்மாவைக் காட்டி இரண்டாவது விரலையும் நீட்டிச் சிரித்தாள். இதற்கு மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. மகன் மீன் முள்ளை எடுப்பதில் மும்முரமாக இருந்தான்.

மெஸ்ஸில் இப்படிப்பட்டவர்களை அவள் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறாள். சுவரைப் பார்த்து உட்காருவார்கள். தண்ணீர்ச் சொம்பில் செல்போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு அதோடு சாப்பிடுவார்கள். அவர்களுக்கு மட்டும் கூட ஒரு கரண்டி போட்டுவிட்டு, 'ஐயோ, யார் பெத்த பிள்ளையோ' என்று நினைத்துக்கொள்வாள்.

"எத்தனை நாளா?" என்றாள்.

"என்னதும்மா?"

"இந்த மூலை."

அவன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தான். "ரெண்டு வருஷம் இருக்கும். ஆரம்பத்துல பசங்க இருந்தாங்கம்மா. ஒருத்தனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. இன்னொருத்தன் வேற ஊருக்கு மாறிட்டான். அப்புறம் அப்படியே..."

"ஃபோன்ல ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா அன்னைக்கு நீ சாப்பிட மாட்ட." ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு, "நீ மட்டும் சொன்னியா? மெஸ்ல இப்ப மதியம் மட்டும்தான், அதுக்கும் பத்துப் பேருக்கு மேல வர்றதில்லன்னு மாஸ்டர்தான் சொன்னாரு. என்கிட்ட கூட்டம் தாங்கல, கை ஒழியலங்கற" என்றான்.

சமையல் மாஸ்டருக்கு வாயில் எதுவும் தங்காது. அவள் தண்ணீரைக் குடித்தாள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, பிடிபட்டவர்கள்போலத் தட்டையே பார்த்தார்கள். அப்புறம் அவள் தன் மீனின் நடுத்துண்டை முள் நீக்கி அவன் தட்டில் வைத்தாள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டு சாப்பிட்டான்.

கிளம்பும்போது ஏப்ரன்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டாள்.

"நாளைக்கும் வருவீங்களான்னு கேக்கறாங்க."

"நீ என்ன சொன்ன?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல."

அவள் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் விடாமல் வைத்திருந்தாள்.

ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, மகனின் தோளைப் பிடித்தபடி மெதுவாகப் பாலத்தின் மேல் நடந்தாள். விளக்குகள் ஏற்றியிருந்தார்கள். கீழே சுற்றுலாப் படகு ஒன்று வந்தது. மேல்தளம் முழுக்க வரிசை வரிசையாக வெள்ளை நாற்காலிகள், ஒன்றில்கூட ஆள் இல்லை. ஒலிபெருக்கியில் ஒரு குரல் மட்டும் நிதானமாகப் பேசிக்கொண்டு வந்தது.

"யாருமே இல்லையே, யார்கிட்டடா பேசுது?"

"ரெக்கார்டும்மா. ஆள் இருந்தாலும் இல்லாட்டாலும் பேசும்."

"என்ன சொல்லுது?"

அவன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து காதைக் கொடுத்தான். "இடது பக்கம் பாருங்கங்குது."

இருவரும் இடது பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.