பிழையாய்ச் சொன்ன இலக்கணம்

பெரியம்மா புஷ்பவதி தன்னைத் திரியாயிலிருந்து கூட்டிவந்தது தன்னுடைய நன்மைக்காக அல்ல என்பதை நிவேதிகா வந்த முதற்கிழமையிலேயே விளங்கிக்கொண்டாள்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆங்கில இலக்கியம் படிப்பிக்க ஆள் இல்லை. பெரியம்மா இருந்த திருகோணமலையில் ஆசிரியர்கள் இருந்தார்கள். அதைச் சொல்லித்தான் பெரியம்மா தங்கச்சியிடம் கேட்டாள். "உன்ரை பெட்டை கெட்டிக்காரி. அங்கை கிடந்து என்ன செய்யப்போறாள்? ஓ லெவல் சோதினை முடியுமட்டும் என்னோடை இருக்கட்டும்." தன் மகன் சுகிர்தன் அதே வகுப்பில் ஒவ்வொரு தவணையும் ஆங்கிலத்தில் கோட்டை விடுகிறான் என்பதை அவள் சொல்லவில்லை.

வீடு உட்துறைமுக வீதியில் இருந்தது. முன்னறையில் ஒரு மேசை, இரண்டு கதிரை. கச்சேரியில், மாவட்ட அரச அலுவலகத்தில், வேலைசெய்த பெரியம்மா பின்னேரம் வந்து தேத்தண்ணி குடித்தவுடன் இரண்டுபேரையும் அந்த மேசையில் இருத்துவாள். அவர்கள் எழும்பும்போது ஒரே கேள்விதான் கேட்பாள்.

"சுகிர்தனுக்கு இண்டைக்கு என்ன சொல்லிக்குடுத்தனீ?"

நிவேதிகா என்ன படித்தாள் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

சுகிர்தனுக்கு அந்த மேசை சிறைச்சாலை. தன் வயதுப் பெட்டையிடம், அதுவும் வயற்காட்டிலிருந்து வந்தவளிடம், பாடம் கேட்பது அவனுக்கு எரிச்சலாக இருந்தது. "ஏய் திரியாய், மாட்டோடையும் இங்கிலிஸிலையோ கதைக்கிறனீங்கள்?" என்பான். ரியூசனில் கூட்டாளிமார் முன்னால் அவள் வாசிக்கிற மாதிரி மூக்கால் வாசித்துக் காட்டுவான். அவளும் விட்டுவைக்கவில்லை. "கேள்வியையே வாசிக்கத் தெரியாதவனுக்கு மறுமொழி எதுக்கு?" என்று கேட்டாள். அவன் தாயிடம் போய்ச் சொன்னான். அன்றைக்குச் சோற்றுக் கோப்பை அவள் முன்னால் வந்து விழுந்த சத்தம் பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

பரீட்சை நெருங்கிய ஒரு சனிக்கிழமை, ரியூசனில் ஆங்கிலம் படிப்பிக்கிற சரீப் சேர் ஒரு கவிதையைப் பற்றிச் சுகிர்தனிடம் கேட்டார். அவன் எழும்பி நின்று கூரையைப் பார்த்தான். நிவேதிகா கையுயர்த்தாமலே பதிலைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். வகுப்பும் சேர்ந்து சிரித்தது.

வீட்டுக்கு வரும் வழியில், துறைமுகக் கரைச் சுவரடியில் அவன் அவளை மறித்தான். கூட அவன் கூட்டாளி அப்ராஸும் நின்றான்.

"அந்தப் புத்தகத்தைத் தா. நானும் கொஞ்சம் சிரிக்க வேணும்."

"விடு."

அவன் அவளுடைய கைப்பையைப் பறித்து, கவிதைப் புத்தகத்தை எடுத்து, சுவருக்கு மேலால் கடலில் எறிந்தான். அது விரிந்தபடி விழுந்து, டீசல் படிந்த தண்ணியில் போத்தல்களுக்கு நடுவே மிதந்தது. இரண்டு வருசமாக அவள் பென்சிலால் வரிக்கு வரி எழுதிய விளக்கம் எல்லாம் அதற்குள்தான் இருந்தது.

"டேய், என்னடா செஞ்ச நீ?" என்று அப்ராஸ் கேட்டான். கேட்டுவிட்டு விறுவிறென்று நடந்து போய்விட்டான்.

வீட்டில் அவள் அழுதபடி சொன்னதைப் பெரியம்மா நின்ற நிலையில் கேட்டாள்.

"ஒரு புத்தகத்துக்கு இப்பிடி ஒப்பாரியோ? வகுப்பிலை அவன்ரை மானத்தை வாங்கினது ஆர்? என்ரை வீட்டுச் சோத்தைத் திண்டுகொண்டு என்ரை பிள்ளையைப் பாத்துச் சிரிக்கிறியோ?" பிறகு குரலைத் தாழ்த்தினாள். "சரி, முகத்தைக் கழுவிப்போட்டு வா. அவனுக்குப் பெசிவ் வொய்ஸ் இன்னும் வரயில்லை. சொல்லிக்குடு."

நிவேதிகா முகத்தைக் கழுவினாள். வந்து கதிரையில் இருந்தாள். கொப்பியை விரித்தாள். அப்போதுதான் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. வந்தவுடனேயே அழுகை நின்றுவிட்டது.

"'வொஸ்' வந்தா, பிறகு வாற வினையை இரண்டாம் வடிவத்திலை எழுத வேணும்," என்றாள். "'வொஸ் ரோட்', 'வொஸ் ஏட்'. விளங்குதோ?"

"மூண்டாம் வடிவம் எண்டெல்லோ சேர் சொன்னவர்?"

"அது நிகழ்காலத்துக்கு. நீ அரைவாசியைத்தான் கேட்டிருக்கிறாய்."

அவன் நம்பினான். அவன் அரைவாசியைத்தான் கேட்பவன் என்பது அவனுக்கும் தெரியும். ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருப்பிச் சொல்லும்போது 'வில்' என்பது 'வில்' ஆகவே இருக்கும், மாற்றத் தேவையில்லை என்றும் சொல்லிக்கொடுத்தாள். அந்தக் கிழமை முழுக்க அவள் பொறுமையாக, குரலை உயர்த்தாமல், எல்லாவற்றையும் பிழையாகவே படிப்பித்தாள். அவன் இலகுவாயிருக்கு என்றான். அகப்பையோடு குசினி வாசலில் நின்ற பெரியம்மாவின் முகத்தில் முதல்தடவையாக ஒரு மலர்ச்சி தெரிந்தது.

மாதிரிப் பரீட்சைத் தாள்களைச் சரீப் சேர் திருப்பிக் கொடுத்தபோது சுகிர்தனுடைய தாளை மட்டும் கையிலேயே வைத்திருந்தார்.

"தெரியாம எழுதுறவன் ஓரிடத்தில சரியா எழுதுவான், ஓரிடத்தில பிழையா எழுதுவான். இவன் எல்லா இடத்திலயும் ஒரே பிழையை ஒழுங்கா எழுதியிருக்கான். இது படிச்ச பிழை. யாருடா உனக்குப் படிப்பிச்ச?"

சுகிர்தன் திரும்பி நிவேதிகாவைப் பார்த்தான். அவள் கண்ணை எடுக்கவில்லை. சேரும் அவளைப் பார்த்தார். தாளை மேசையில் வைத்தார். பக்கத்தில் இருந்த நஸ்ரியா தன் கதிரையை மெல்ல இழுத்து அவளிடமிருந்து தள்ளி வைத்தாள்.

வீட்டில் பெரியம்மா கொப்பியையும் தாளையும் மேசையில் அறைந்தாள்.

"தெரியாமல் சொல்லிப்போட்டன் எண்டு சொல்லு பாப்பம்."

"இல்லை. தெரிஞ்சுதான் செய்தனான்."

"என்ன?"

"ஓம் பெரியம்மா. தெரிஞ்சுதான்."

கன்னத்தில் விழுந்த அடி அவள் எதிர்பார்த்ததைவிடப் பலமாக இருந்தது. சுகிர்தன் சுவரோடு சாய்ந்து நின்றான். சிரிப்பான் என்று அவள் நினைத்தாள். அவன் சிரிக்கவில்லை. அவன் முகம் வெளிறிப்போயிருந்தது.

"பாம்பு! பாம்பைக் கொண்டுவந்து வீட்டுக்குள்ளை விட்டிருக்கிறன். உடுப்பை எடு. இந்த வீட்டிலை இனி நீ இருக்க ஏலாது."

துறைமுகக் களஞ்சியத்தில் வேலைசெய்த பெரியப்பா சோமசேகரம்தான் அவளை மோட்டார்சைக்கிளில் பஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார். மனிதர் அதிகம் கதைக்காதவர். அங்கே, நகரத்துக்குள் திரிகிற மான்கள் குப்பைத்தொட்டியைக் கிளறிக்கொண்டு நின்றன. அவர் பையை இறக்கி வைத்தார்.

"அவன் புத்தகத்தை எறிஞ்சது பிழை. நீ செய்தது அதைவிடப் பெரிய பிழை. ஆனா ரெண்டும் சரிசமனாய் இருந்திருந்தாலும் நான் உன்னைத்தான் பஸ் ஏத்தியிருப்பன். அவன் என்ரை பிள்ளை."

அவள் தலையாட்டினாள். அந்த வீட்டு ஆட்கள் அவளிடம் நேர்மையாகச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான் என்று பஸ்ஸில் போகும்போது நினைத்தாள்.

திரியாயிலும் அவளுக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. "படிப்பை வைச்சு ஒருத்தனை விழுத்தலாமெண்டு ஆர் உனக்குச் சொன்னது?" என்று அம்மா ஏசினாள். தன் அக்காவோடு கதைக்கமுடியாமல் போன கோபத்தையும் சேர்த்து ஏசினாள். நிவேதிகா நஸ்ரியாவிடம் புத்தகம் கேட்டாள். நஸ்ரியா கவிதைகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வட்சப்பில் அனுப்பினாள். கடைசியில் ஒரு வரி வந்தது: "அனுப்பிட்டேன். ஆனா இனி என்னோட பேசாத." நிவேதிகா அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தாள். தொலைந்த விளக்கங்களில் ஞாபகம் வந்ததை மட்டும் திரும்ப எழுதினாள். ஞாபகம் வராதவை வரவேயில்லை.

ஆங்கிலப் பரீட்சையன்று முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். மண்டப வாசலில் எல்லாரும் கடைசி நேரப் புரட்டலில் நின்றார்கள். சுகிர்தன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் வந்தான்.

"ஒண்டு கேக்கவோ?" என்றான். பகிடியில்லாமல் கேட்டான். "'இஃப் ஐ' எண்டு வந்தா, நடக்காத விசயத்துக்கு, 'வொஸ்' ஓ 'வேர்' ஓ?"

அவனுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லையா, அல்லது அவளைச் சோதிக்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. உண்மையைத்தான் சொன்னாள்.

"'வேர்.'"

"'ஐ'க்கு 'வேர்' வருமோ?"

"இந்த இடத்திலை வரும். 'இஃப் ஐ வேர்.' சத்தியமாய்."

அவன் அவளுடைய முகத்தை உற்றுப் பார்த்தான். மணி அடித்தது.

தாளில் அந்தக் கேள்வி வந்திருந்தது. அவள் விடையை எழுதிவிட்டு ஒருகணம் பேனையை வைத்தாள். முன்வரிசையில் அவனுடைய முதுகு குனிந்திருந்தது.

வெளியே வந்ததும் அவனே வந்து நின்றான். அவனுடைய கண்ணில் வெற்றிக் களை இருந்தது.

"'வொஸ்' எண்டுதான் எழுதினனான். ரெண்டாந்தரமும் என்னை ஏமாத்தலாமெண்டு நினைச்சியோ?"

"நான் சொன்னது சரி, சுகிர்தன்."

"அதையும் நீதானே சொல்லுறாய்."

அவன் போய்விட்டான். அவளுக்கு அடுத்தநாள் இலக்கியப் பரீட்சை இருந்தது. திரியாய் வழியாகப் போகிற புல்மோட்டை பஸ்ஸில் யன்னலோரம் இருந்து கைத்தொலைபேசியைத் திறந்தாள். கவிதையின் எழுத்துகள் கண்ணுக்குள் ஏறவில்லை.

பெறுபேறு வந்தபோது நிவேதிகாவுக்கு ஆங்கிலத்தில் ஏ, இலக்கியத்தில் சீ. சுகிர்தன் ஆங்கிலத்தில் எஸ் எடுத்து மட்டுமட்டாகச் சித்தியடைந்திருந்தான். அதைக் கேட்டதும் அவளுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது போல இருந்தது. இறங்கியதை நினைக்கக் கோபமும் வந்தது.

அன்று பின்னேரம் பெரியம்மா மாதக்கணக்குக்குப் பிறகு அம்மாவுக்கு அழைப்பு எடுத்தாள். குரல் வெளியே கேட்டது. "என்ரை பிள்ளை ஆரையும் நம்பாமல் தன்பாட்டிலை பாஸ் பண்ணிப்போட்டான். உன்ரை மகளிட்டைச் சொல்லு." நிவேதிகாவின் பெறுபேற்றை அவள் கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை.

தொலைபேசியை வைத்த அம்மா, "ஏ லெவலுக்கு இனி எங்கை போகப்போறாய்?" என்று கேட்டாள்.

"டவுனுக்குத்தான். ஹொஸ்டலிலை நிண்டு படிக்கிறன்," என்றாள் நிவேதிகா. "இலக்கியம்தான் செய்வன். அவை பாக்க, அவையின்ரை வீட்டு றோட்டாலைதான் பள்ளிக்கூடம் போய் வருவன்."

"அதுவும் நல்ல மனமில்லை, பிள்ளை," என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்பைப் பார்க்கப் போனாள்.